பாப்பாயி சேவலோடு வந்து பதில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

குண்டூர் நாடு, கொல்லிமலை
ஜூலை 14, திங்கட்கிழமை

அன்பு மகள் ஜெனிபருக்கு அப்பா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் பாதிச் சுகம், என் இடது காது பழையபடி செவிடு, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ அங்கே நியூசிலாந்தில் சுகமாக இருக்கிறாய் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், ஏனென்றால் ஏழு வாரமாக நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்காதது சரிதான், நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். காகிதத்தில் கடிதம் வருகிறதே என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நேற்று எனக்குத் தீர்ப்பாகிவிட்டது. கோர்ட்டில் இல்லை, நம் வீட்டு ஹாலில், ஒரு சேவல் முன்னிலையில். அதை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள், உன் அம்மா நேற்று மத்தியானம் ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை, பாத்திரம் தேய்க்கும்போதுகூட அடுப்படியிலிருந்து சத்தம் வருகிறது.

முதலில் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாட்டுக் கதை ஆட்டுக் கதை என்று வளர்த்து கடைசியில் இடமில்லை என்று தப்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். மே மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து வழக்கம்போல் பாறை மேல் ஏறி நின்று உனக்குப் போன் போட்டேன். இந்த ஊரில் சிக்னல் அந்தப் பாறைக்கு மட்டும்தான் இறங்கி வரும், பனி மூடினால் அதுவும் வராது. வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சர்ச்சுக்குப் போனாயா, என்ன வசனம், யார் பிரசங்கம், எத்தனை நிமிஷம். நோய் கண்ட மாட்டைக் கொண்டுவந்தால் சாணி எப்படிப் போடுகிறது, அசை போடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று நான் கேட்பேனே, அதே குரல், அதே வரிசை. அன்றைக்கு நீ, அப்பா, நான் பதினொரு மாதமாக சர்ச்சுக்குப் போகவில்லை, இனிமேலும் உங்களுக்குப் பொய் சொல்ல என்னால் முடியாது என்று சொன்னாய். ஏம்மா, என்ன ஆயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உன் இருதயம் கல்லாகிவிட்டது, வசனம் இறங்காத கல் என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். காது மந்தம் என்பதால் அதுவும் ஸ்பீக்கரில். தப்பு, கண்ணு. அப்பா செய்தது தப்பு. இதற்கு மேல் வருவதெல்லாம் இந்தத் தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு ஏன் ஏழு வாரமும் ஒரு சேவலும் தேவைப்பட்டது என்பதுதான்.

ஊர்ச் செய்தி என்றால் பலாப்பழம்தான். போகிற வீடெல்லாம் அதைத்தான் தருகிறார்கள். ஒரு எருமைக்கு ஊசி போட்டால் ஒரு பழம், இரண்டு ஆட்டுக்கு மருந்து கொடுத்தால் ஒரு பழம், ஒன்றும் செய்யாமல் ரோட்டில் நடந்து போனாலும் ஒரு பழம். வேண்டாம் என்று சொன்னால் பழம் சின்னதாகப் போய்விட்டது என்று நினைத்து இன்னும் பெரியதாகக் கொண்டுவருகிறார்கள். அம்மா பலாச்சுளையில் பாயசம், பலாக்கொட்டையில் குழம்பு, சுளையும் கொட்டையும் சேர்த்து என்னவோ ஒன்று என்று செய்து பார்த்து, இப்போது என் சட்டையெல்லாம் அதே வாசனை. நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர் என்று இங்கே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் இப்போது திருத்துவதில்லை. நீ விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு இந்த மலைக்கு மாற்றல் வந்தது என்பதால் உனக்கு இங்கே யாரையும் தெரியாது. நம் குவார்ட்டர்சுக்கு அடுத்த காடு பாப்பாயி என்பவருடையது, குச்சிக்கிழங்கும் சாமையும் போட்டு, வேலியோர மரத்தில் மிளகு ஏற்றியிருக்கிறார், ஏறக்குறைய என் வயதுதான். நான் நின்று கத்துகிற பாறை அவர் காட்டு ஓரத்தில் இருக்கிறது. நேற்று வரைக்கும் அம்மாவிடம் அவரைப் பற்றி அவள் இவள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன், இன்றிலிருந்து அவர். அதற்குக் காரணம் இருக்கிறது.

உன்னிடம் கத்திய அடுத்த வாரமே நம் வீட்டுக் கூட்டத்தில் இருதயம் என்ற தலைப்பில் தொடர் செய்தி கொடுக்க ஆரம்பித்தேன். கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஐந்து குடும்பம் சேர்ந்த கூட்டம் இது, சர்ச் கட்டிடம் கிடையாது, நம் ஹால்தான். போதகர் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் மலை ஏறி வருவார், மற்ற வாரமெல்லாம் உன் அப்பாதான் பிரசங்கி, அதில் எனக்கு இருக்கிற பெருமை உனக்குத் தெரிந்ததுதான். வேதத்தில் இருதயம் என்றால் காதலர்கள் பஸ் சீட்டில் கீறி வைக்கிற அம்பு துளைத்த படம் இல்லை, நெஞ்சுக்குள் அடித்துக்கொள்கிற சதையும் இல்லை, மனிதன் யோசிப்பது அங்கே, முடிவெடுப்பது அங்கே, ஞாபகம் வைப்பது அங்கே, ஒளித்து வைப்பதும் அங்கே என்று விளக்கினேன். மதிகெட்டவன் கடவுள் இல்லை என்று வாயால் சொல்வதில்லை, இருதயத்துக்குள்தான் சொல்லிக்கொள்கிறான். பார்வோன் கெட்டது புத்தி போதாமல் இல்லை, இருதயம் இறுகித்தான். சாலொமோன் ராஜா வரம் கேட்டபோது பொன்னைக் கேட்கவில்லை, நல்லது கெட்டது கேட்டு அறிகிற இருதயத்தைக் கேட்டான். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன், ஜெனிபர். வேதம் சொன்னதில் ஒரு பிழை இல்லை. யாரை மனதில் வைத்துச் சொன்னேன் என்பதில்தான் பிழை.

மூன்றாவது வாரம் கொஞ்சம் எல்லை மீறிவிட்டேன். கறிக்கடையிலிருந்து ஒரு ஆட்டு இருதயம் வாங்கிவந்து எவர்சில்வர் தட்டில் வைத்து, நாலு அறையையும் கீறிக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சியில் ஒரு சீட்டுக் குத்தினேன். பெருமை, கோபம், பொய், பொறாமை. சதைக்கும் வேதம் சொல்கிற இருதயத்துக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு வாரம் பேசிவிட்டு மூன்றாவது வாரம் சதையையே கொண்டுவந்து வைக்கிறீர்களே என்று அம்மா காதோடு கேட்டாள், நான் கவனிக்கவில்லை. வேலைப் பழக்கத்தில் எந்த ரத்தக்குழாய் எங்கே போகிறது என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டேன். நர்ஸ் பானுமதி சிஸ்டர் மட்டும் கை தூக்கி, ஐயா இடது வலது மாறிப்போச்சு என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, கூட்டம் முடிந்து எல்லாருக்கும் சாப்பாடு என்பதால், வீணாக்க வேண்டாம் என்று அம்மா அதை எடுத்துப்போய் மிளகு போட்டு வறுத்துவிட்டாள். பெருமை இருந்த பக்கம் வேகவே இல்லையாம், குக்கரில் இன்னும் நாலு விசில் விட்டாளாம். இதை அவள் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

இனி சேவல். பாப்பாயி வீட்டில் ஒரு செவலைச் சேவல் உண்டு, நீண்ட கழுத்து, நடையில் தாசில்தார். இரண்டு வருஷமாக அதற்கு நான்தான் காலையில் ஜன்னல் வழியே சாமை போடுவேன், அதுவும் சரியாக வந்து நிற்கும். மே மாதக் கடைசிக்குப் பிறகு அது கூவுவதெல்லாம் என்னைப் பார்த்துக் கூவுவது போலவே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நான் முழங்கால் போட்டு, பரலோகத் தகப்பனே என்று வாயெடுத்தால் போதும், ஜன்னல் திட்டில் ஏறி நின்று ஒரு கூவல். ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவை வெளியே போய் மனங்கசந்து அழ வைக்கச் சேவல் கூவியது போதுமாக இருந்தது. எனக்கு அத்தனை கூவலுக்கும் கோபம்தான் வந்தது. முதலில் சாமையை நிறுத்தினேன். பிறகு கை தட்டி விரட்டினேன். பிறகு கல்லெடுத்தேன், அது என்னை ரேஷன் கடை வரைக்கும் துரத்தியது, அதைப் பார்த்தவர்கள் ஒரு பதினைந்து பேர் இருப்பார்கள். அதன் பிறகு செய்ததுதான் கேவலம். பாப்பாயி ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்க வந்தபோது, சேவலைக் கொண்டுவரச் சொல்லி, கொண்டையை அழுத்தி, இமையைத் திருப்பி, முகத்தை மிக வருத்தமாக வைத்துக்கொண்டு, இதற்கு வெள்ளைக்கழிச்சல் வருகிற அறிகுறி இருக்கிறது, மற்ற கோழிக்குப் பரவுவதற்குள் குழம்பு வைத்துவிடுங்கள் என்று சொன்னேன். முப்பத்தொரு வருஷ சர்வீசில் நோய் இல்லாத உயிருக்கு நோய் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பாப்பாயி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏனுங்க டாக்டரய்யா, இது பெரியண்ணஞ் சாமிக்கு நேந்து உட்டதுங்க, ஆடி நோம்பிக்குத்தானுங்க அறுக்கோணும், அதுக்கு முன்ன இதத் தொட எனக்கும் உரிமையில்லீங்க, நோவுக்கும் உரிமையில்லீங்க என்று சொல்லி, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதில் எனக்கு வந்த ஆத்திரத்தைப் நேற்றைக்கு முந்தின ஞாயிறு ஜெபத்தில் கொட்டினேன். என் ஜெபம் நீளம் என்று உனக்குத் தெரியும், நீயே சின்ன வயதில் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவாய். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவரே, பக்கத்துக் காட்டுப் பாப்பாயியின் கல்லான இருதயத்தை உடையும், அவள் சேவலால் உம்முடைய பிள்ளைகள் படும் பாட்டைப் பாரும் என்று உரத்த சத்தமாக ஆரம்பித்தேன். அந்த நேரம் பாப்பாயி ஒரு தட்டு நிறையப் பலாச்சுளையோடு வாசற்படியில் வந்து நின்றிருக்கிறார். எல்லாரும் அரைக்கண் திறந்து பார்த்துவிட்டார்கள், நான் ஒருத்தன்தான் பார்க்கவில்லை. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு ஜெபத்தில் உருக்கம் வந்துவிட்டது என்று நினைத்து நான் இன்னும் சத்தத்தைக் கூட்டினேன். அவள் கிள்ளினாள். நான் கல்லான இருதயத்தைச் சுத்தியலால் உடையும் என்றேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் எதிரே பாப்பாயி. தட்டைக் கீழே வைத்துவிட்டு, செரிங்க, கேட்டுக்கிட்டனுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பலாச்சுளையை யாரும் தொடவில்லை, கடைசியில் அம்மாதான் பாவம் பார்த்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் பாப்பாயியின் மச்சாண்டார், அதாவது அவர் வீட்டுக்காரரின் அண்ணன், குழந்தைசாமி என்று பெயர், ஊருக்கே பெரிய மனிதர், வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. ஏனுங்க, உங்க சாமிகிட்ட எங்க ஊட்டுப் பொம்பள மேல பேரு சொல்லி மொறையிட்டீங்களாமா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர்கள் வழக்கத்தில் ஒருவர் பெயரைச் சொல்லிச் சாமி முன்னால் முறையிட்டுவிட்டால் அது பிராது கொடுத்த மாதிரி. எட்டு நாளைக்குள் அந்த ஆள் அதே சாமி முன்னால் அதே இடத்தில் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பழி வீட்டின் மேல் நின்றுவிடும். எந்தச் சாமி என்பது கணக்கில்லை, சாமி சாமிதான். நாங்கள் செய்தது முறையீடு இல்லை, ஜெபம், அவர்களுடைய நன்மைக்காகத்தான் வேண்டிக்கொண்டோம், எங்கள் ஆண்டவர் மன்னிக்கிறவர் என்று நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மன்னிக்கறதுக்கு முன்ன ரெண்டு பக்கமும் கேக்கமாட்டாருங்களா என்றார். இறையியலில் டிப்ளமா வாங்கின நான் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அப்ப ஞாயித்துக்கெழம வாரமுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்றுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. போதகர் வருகிற வாரமாகவும் போயிற்று. எழுபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி வந்து இறங்கினால் அவருக்கு மூன்றாவது பாட்டு வரைக்கும் தலை நிற்காது, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஓரமாகச் சாய்ந்திருந்தார். பாப்பாயி தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி, ஒரு கையில் சேவலோடு வந்தார், பின்னாலேயே குழந்தைசாமி. உங்க சாமி எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காருங்க என்று போதகரைக் கேட்டார். அவர் எலுமிச்சம்பழத்தை எடுக்காமலே, எல்லாப் பக்கமும் இருக்கிறார் அம்மா என்றார். அப்பச் செரிங்க, எங்க நின்னாலும் கேக்கும் என்று ஹால் நடுவில் நின்றுகொண்டார். அவர் சொன்னதை வரி விடாமல் உனக்கு எழுதுகிறேன், நேற்றிலிருந்து அது என் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. சாமி, எம் பேரு பாப்பாயிங்க. எம் மனசு கல்லுன்னு டாக்டரய்யா உங்ககிட்டச் சொல்லியிருக்காருங்க. இருந்தாலும் இருக்குமுங்க, உள்ள போயி நான் பாத்ததில்லீங்க, நீங்கதான் பாக்கோணும். ஆனாக்க சேவலு ரெண்டு வருசமா இப்பிடித்தானுங்க கூவுது. ரெண்டு வருசமா இவரு அதுக்குச் சாமை போட்டாருங்க. அவிய பொண்ணு போனுல நெசத்தச் சொன்ன நாள்ல இருந்துதானுங்க கல்லெடுக்கறாரு. அந்தப் புள்ள பொய்யிச் சொன்ன வரைக்கும் பாற மேல நின்னு சிரிச்சுப் பேசுனாருங்க, நெசத்தச் சொன்ன அன்னிக்கு வைஞ்சுபோட்டுப் போன வெச்சுட்டாரு. கோவம் அத்தன தூரம் கடலத் தாண்டிப் போவுலீங்க, எஞ் சேவலு கிட்டக்க இருந்துச்சு, அவ்வளவுதானுங்க. அப்பறம் இன்னொண்ணு, அடுத்தவிய போனுல பேசறத வேலியோரம் நின்னு கேட்டது எந் தப்புங்க, அதையும் வெச்சுக்கோங்க.

சேவல் தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். பதில் சொல்லுங்கள் ஐயா என்று போதகர் என்னைப் பார்த்தார், அவருக்கும் அதற்குள் தலை நின்றுவிட்டது. எத்தனையோ வருஷம் நான் மேடையில் பேசியிருக்கிறேன், நேற்று எனக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, சேவலுக்கு நோய் இல்லை, நான் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டேன். கல்லெறிந்ததைக்கூட விட்டுவிட்ட குழந்தைசாமிக்கு அதில்தான் கோபம், வைத்தியம் பாக்கற வாயில பொய்யி வரலாமுங்களா என்று கேட்டார். பாப்பாயி, அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க, நோவு வந்த சேவலு ரேசன் கடை வரைக்கும் தொரத்துமுங்களா என்றார். பானுமதி சிஸ்டர் சிரித்துவிட்டார். அங்கே ஆரம்பித்ததுதான் உன் அம்மாவின் சிரிப்பு.

தீர்ப்பு யார் சொல்வது என்று ஒரு தயக்கம். போதகர் குழந்தைசாமியைப் பார்க்க, குழந்தைசாமி போதகரைப் பார்க்க, கடைசியில் குழந்தைசாமியே சொன்னார். சேவலுக்கு ஒரு படி சாமை போட்டுருங்க. பாப்பாயிக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. மூத்த தப்பு அந்தப் புள்ளைக்குத்தானுங்க செஞ்சிருக்கீங்க, அவிங்ககிட்டயே சொல்லோணும். போனுல வேண்டாமுங்க, போனுல நீங்க கத்துவீங்க. எழுதிப் போடுங்க. போதகர் ஆமென் என்றார். சாமை நேற்றே போட்டாயிற்று. இன்று காலையிலிருந்து பாப்பாயி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு தடவை, எழுதிப்போட்டீங்களா டாக்டரய்யா என்று கேட்டுவிட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பேனாவைத் தூக்கிக் காட்டினேன்.

எல்லாரும் போனபின் அம்மாவிடம், ஜெனிபர் சர்ச்சுக்குப் போகாதது உனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன். முதல் மாதத்திலேயே தெரியும் என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், மரியாள் எல்லாவற்றையும் தன் இருதயத்தில் வைத்து யோசித்தாள் என்று நீங்கள்தானே பிரசங்கம் செய்தீர்கள், நானும் வைத்து யோசித்தேன் என்கிறாள். நாலு வார இருதயத் தொடரில் ஒழுங்காகப் பாடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன், அதை அவளிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கண்ணு, பிரசங்கம் செய்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு, எந்த வசனத்தைப் பார்த்தாலும் பக்கத்து வீட்டுக்கு வந்த தபால் மாதிரியே இருக்கும். கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயத்தைத் தருவேன் என்று ஆண்டவர் சொன்னதை முதலில் உன் விலாசத்துக்கு அனுப்பினேன், பிறகு பாப்பாயி விலாசத்துக்கு அனுப்பினேன், அது என் பெயருக்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மனிதன் முகத்தைப் பார்க்கிறான், ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார் என்று உனக்கு மூன்று வயதிலேயே மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். பதினொரு மாதம் நீ எனக்கு முகத்தைக் காட்டினாய், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு நாள் இருதயத்தைத் திறந்து காட்டினாய், நான் போனை வைத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அடித்துவிடப் போவதில்லை, இருக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அந்தப் பதினொரு மாதமும் நான் என்ன பிரசங்கம் என்று கேட்கும்போதெல்லாம் நீ ஒவ்வொரு வாரமும் ஒன்று சொன்னாயே, அதெல்லாம் யாரும் செய்யாத பிரசங்கம், நீயே அப்போதைக்கு உண்டாக்கினது என்று இப்போது புரிகிறது. அதில் மூன்றை நான் இங்கே செய்துவிட்டேன். என் சொந்தச் செய்தி போலவே செய்தேன். அதில் ஒன்று, தொலைந்துபோன ஆட்டைப் பற்றி. மேய்ப்பன் தேடிக் கண்டுபிடித்ததும், எங்கே போனாய், ஏன் போனாய், இத்தனை நாள் என்ன தின்றாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை அப்பா, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான் என்று உங்கள் சர்ச் போதகர் சொன்னதாகச் சொன்னாய். நான் அதைச் சொன்ன அன்று பானுமதி சிஸ்டர் அழுதுவிட்டார். இந்த மலைக்கு வந்த பிறகு நான் சொன்னதிலேயே நல்ல செய்தி அதுதான் என்று எல்லாரும் கை கொடுத்தார்கள். அது நீ எனக்காகச் சொன்னது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கண்டுபிடித்த ஆட்டுக்கு முதலில் குளம்பில் முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு மருத்துவக் குறிப்பு வேறு சேர்த்தேன். இப்போது இந்தக் கதையில் யார் ஆடு யார் மேய்ப்பன் என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது, ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். நீ ஏன் போகவில்லை என்று சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல், கேட்கிறேன், நடுவில் வசனம் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே. நீ போனாலும் போகாவிட்டாலும் என் மகள். இதைச் சொல்ல எனக்கு எந்த வேதப்படிப்பும் தேவைப்பட்டிருக்காது, அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அங்கே இப்போது குளிர்காலம் என்கிறார்கள், காலுறை போடாமல் தரையில் நடக்காதே, நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் யாரையும் தனியாகத் தூக்காதே, முதுகு பிடித்துக்கொள்ளும், பாஸ்போர்ட் புதுப்பிக்கிற தேதி அக்டோபர் என்று அம்மா ஞாபகப்படுத்தச் சொன்னாள். உன் கையின் வேலையையும் உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்துக்கொள்வாராக. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்தில் கூப்பிடுகிறேன். ஒன்றும் பேச வேண்டும் என்றில்லை, கண்ணு. எடுத்து ஒரு தடவை இருமினால்கூடப் போதும், நீதான் என்று எனக்குத் தெரியும்.

மாறாத அன்போடு,
உன் அப்பா
ஞானாபரணம்